பின்னால் போகாத வண்டி

நிஷிகுராத் துறையில் கிசாபுரோவின் வீட்டுக்கு வழி கேட்டால், "வண்டி ரெண்டும் சண்டை போட்ட மாதிரி முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கும் பாரு, அந்த வீடு" என்பார்கள். சந்து அங்கிருந்து சரிந்து நேரே கடலுக்கு இறங்கும். சந்தின் மேல்முனையில் ஒரு பழைய படகுக் கொட்டகை. படகு தானாகவே தண்ணீருக்கு வழுக்கிப் போகட்டும் என்று தரையைச் சாய்த்துக் கட்டியது. படகு போய் வெகுகாலம் ஆயிற்று. இப்போது அதில் மூக்கை உள்ளே வைத்து நிற்பது கிசாபுரோவின் பழைய வாடகைக் கார். வீட்டுச் சார்ப்புக்குக் கீழே தெருவைப் பார்த்து நிற்பது அவர் மனைவி மிட்சுயோவின் சின்னக் கார். அவர் அவளுடையதை 'வாயாடி' என்பார். அவள் அவருடையதைக் 'கிழம்' என்பாள்.

"பெல்ட்டைப் போடுன்னு கத்துது, கதவு சாத்தலன்னு கத்துது, பின்னால ஆள் இருக்கான்னு கத்துது. மாமியாரை விட மோசமா இருக்கே! எப்படித்தான் தாங்குறியோ?" என்பார் கிசாபுரோ.

"உங்க கிழம் மட்டும் என்னவாம்? சோக்கை இழுத்து, கெஞ்சி, கொஞ்சி, நாலு தரம் இருமினப்புறம்தான் கண்ணு தொறக்குது. உங்கள மாதிரியேதான்."

"இருமினாலும் எழுந்துக்கிறாரு இல்ல?"

"எழுந்து என்ன பிரயோசனம்? பெட்ரோலை மோர் மாதிரி குடிக்குது. இடிச்சா தாங்க ஒரு காத்துப்பை உண்டா? பின்னால பாக்குற கண்ணாடியக் கொண்டுபோய் முன்னால மூக்கு நுனியில வச்சிருக்கான். அதுல லாரி கூட ஈ மாதிரி தெரியுது."

"உன்னது வண்டியே இல்லடி. சோறாக்குற மின்பானைக்குச் சக்கரம் வச்சு வித்துட்டாங்க."

"மின்பானையில உக்காந்து பல் டாக்டர்கிட்ட போறப்ப மட்டும் கதகதன்னு இருந்துச்சாக்கும்?"

"ஹீட்டர் நல்லாருக்கு. இல்லன்னு சொல்லல" என்று மட்டும் ஒப்புக்கொண்டு எழுந்துபோய்விடுவார்.

அவர் அந்த வண்டியைப் பெரியவராக நடத்தியதற்குக் காரணம் இருந்தது. வானவெளுப்பான நீலம், பளபளக்கும் விளிம்புகள், ஸ்டியரிங் தண்டிலேயே கியர் கம்பி, முன்னால் ஒரே நீள இருக்கை. அவர் இளைஞனாக இருந்தபோது அந்தக் கரையோரத்தில் கல்யாணம் என்றால் பெண்ணை ஏற்றிக்கொண்டு போவது அந்த வண்டிதான். மணப்பெண் ஏறிவிட்டால் வண்டி பின்னால் போகக் கூடாது. ஒரு அடி பின்வாங்கினாலும் பெண் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்துவிடுவாள் என்று ஊரே நம்பியது. பாறைக்கும் கடலுக்கும் நடுவே ஒற்றைத் தடமாகப் போகும் சாலையில் எதிரே மீன் லாரி வந்தால், லாரிக்காரன் பூ கட்டிய நீல வண்டியைப் பார்த்ததுமே பேசாமல் வளைவு வரைக்கும் ரிவர்ஸில் போவான். கிசாபுரோ தொப்பியைக் கழற்றிக் கும்பிடுவார். ஊரில் பாதிப் பெண்கள் அப்படித்தான் வந்தார்கள்.

மிட்சுயோவும் அப்படித்தான் வந்தாள். வேறு யாரையும் ஓட்ட விடமாட்டேன் என்று மாப்பிள்ளையே ஓட்டிக்கொண்டு வந்த கல்யாணம் அது ஒன்றுதான். வாசலைத் தாண்டியதும் அம்மா கொடுத்த மருந்துப் பொட்டலத்தை வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்து அவள் அழ ஆரம்பித்தாள். கிசாபுரோ முன்னும் பின்னும் பார்த்தார். "கண்ணை மூடிக்க" என்றார். அவள் மூடினாள். வண்டி பின்னால் போனது. "நீ எதையும் பாக்கல. நானும் பாக்கல" என்றார். அதற்கப்புறம் எத்தனை சண்டை வந்தபோதும் அவள் பிறந்த வீட்டுக்குப் போகவில்லை.

இப்போது அவருக்கு எழுபத்தெட்டு. அவளுக்கு எழுபத்தொன்று. கல்யாணங்கள் நகரத்து ஓட்டல்களுக்குப் போய்விட்டன. நீல வண்டி வாரத்துக்கொரு தடவை துறைமுகத்தைச் சுற்றிவரும். மற்ற நாட்களில் காலையில் கிசாபுரோ உட்கார்ந்து எஞ்சினை மட்டும் ஓடவிட்டு நிறுத்துவார். செண்டாய் நகரத்திலிருந்து மகன் யொஷிகி ஒவ்வொரு ஞாயிறும் போன் செய்வான். அப்பாவிடம் மீன் விலை, அம்மாவிடம் அப்பாவின் லைசென்ஸ்.

"டிவியில பாத்தீங்களாம்மா? மறுபடியும் ஒரு பெரியவர், பிரேக்குன்னு நினைச்சு ஆக்ஸிலேட்டரை..."

"பாத்தேன்."

"எப்ப சொல்லப்போறீங்க?"

"சொன்னா கேக்குற மனுஷனாடா?"

"கேக்க வைக்கணும்மா. ஏதாவது நடந்தப்புறம் அழுது என்ன?"

இலையுதிர்காலத்தில் ஒரு மழை நாளில் கிசாபுரோ கூட்டுறவுச் சங்கத்தின் கம்பத்தை உரசிவிட்டு வந்திருந்தார். அதை அவள் மகனிடம் சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் அவர் வண்டி எடுத்துக்கொண்டு போகிற நாட்களில், சந்தில் எஞ்சின் சத்தம் திரும்பி வந்து கேட்கும்வரை அவளுக்குக் கையில் வேலை ஓடாது.

அந்தக் கரையில் பனிக்காலத்தில் யாரும் கை பிரேக் இழுக்கமாட்டார்கள். ஈரமான கம்பி உள்ளேயே உறைந்து சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். காலையில் வண்டி நகராது. வாயாடிக்கு அந்தக் கவலை இல்லை. ஒரு பொத்தானை அமுக்கி நிறுத்தினால் அதுவே பூட்டிக்கொள்ளும். கிழத்துக்கு அப்படி இல்லை. முதல் கியரில் போட்டு நிறுத்த வேண்டும். அப்புறம் சுவர் ஆணியில் தொங்கும் மரக்கட்டையை எடுத்துப் பின்சக்கரத்துக்கு அடியில் உதைத்துச் செருக வேண்டும். கிசாபுரோ அதைச் செய்யாமல் கொட்டகையை விட்டு வெளியே வந்ததே கிடையாது.

டிசம்பரில் இடி இடித்தது. பனியோடு வரும் இடி. அதைக் கேட்டால் ஹதஹதா மீன் கரைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். மறுநாள் விடியற்கருக்கலில் கிசாபுரோ, லேசாகக் காய்ச்சல் மாதிரி இருக்கிறது, வெந்நீர் ஊற்றில் ஊறிவிட்டு வருகிறேன் என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பொதுக் குளியலறைக்கு நடந்தார். மிட்சுயோவுக்கு மேட்டில் வேலை. மேட்டுக் குடிசையில் அவள் முள்ளங்கிகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். கீழே செர்ரி மரக்கட்டையும் கருவாலிக் கட்டையும் புகைய வேண்டும். தீ எரியவும் கூடாது, அணையவும் கூடாது. அணைந்தால் அந்தக் குளிருக்கு முள்ளங்கி உறைந்து உள்ளே பஞ்சாகிவிடும். பிறகு தவிட்டில் ஊறப்போட்டாலும் கடிக்கையில் நொறுங்காது. ஒரு வருஷத்து உழைப்பு அந்தப் புகையில் தொங்கியது.

வாயாடி 'டிக்' என்றது. மறுபடி 'டிக்'. திரையில் என்னென்னவோ சிவப்புப் படங்கள் வந்து அணைந்தன. குளிரில் பேட்டரி செத்துவிட்டிருந்தது.

"எல்லாத்துக்கும் வாய் கிழியும். இப்பப் பேசு பாக்கலாம்" என்று அவள் கதவை அறைந்து சாத்தினாள்.

முழங்கால் பனியில் மேட்டுக்கு நடந்து போக முடியாது. கொட்டகையைப் பார்த்தாள். சாவி எப்போதும் வண்டியிலேயேதான் இருக்கும். அவளுக்கும் ஓட்டத் தெரியும். கற்றுக்கொடுத்தவரே அவர்தான். ஆனால் பல வருஷமாகத் தொடவிட்டதில்லை.

பின்சக்கரத்துக்கு அடியிலிருந்த கட்டையை எடுத்து ஆணியில் மாட்டினாள். இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டாள். அவளுடைய கால் நீளம் அவ்வளவுதான். சோக்கை இழுத்தாள். கிழம் இருமிற்று, பிறகு பிடித்துக்கொண்டது.

மேட்டுக்குப் போன அந்த வழியை அவள் பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தாள். விளக்கு வெளிச்சத்தில் பனி எதிரே வந்து விழுந்துகொண்டிருந்தது. ஒரு ஆள் நடமாட்டம் இல்லை. எந்தக் குரலும் அதைச் செய், இதைச் செய் என்று சொல்லவில்லை. பெரிய மெல்லிய ஸ்டியரிங் வளையம் கைக்குள் நடுங்கியது. சாலையில் கல் இருந்தால் கல், பனி இருந்தால் பனி, எல்லாம் உள்ளங்கைக்கு நேராக வந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாய்க்குள் ஏதோ பாட்டு ஓடியது. தீயைத் தூண்டி, இரண்டு கட்டை வைத்து, முள்ளங்கிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். அவர் குளித்துவிட்டு வருவதற்குள் வைத்துவிட வேண்டும் என்ற அவசரம். கொட்டகைக்குள் மூக்கை நுழைத்தாள். எஞ்சினை அணைத்தாள். எந்தக் கியரிலும் போடாமல் கம்பியை நடுவிலேயே விட்டாள். பாட்டு இன்னும் வாய்க்குள் இருந்தது. வாயாடியை விட்டு இறங்குவது போல இறங்கிக் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

மரக்கட்டை ஆணியிலேயே தொங்கியது. சக்கரங்கள் உறைந்த பனிப் பள்ளத்தில் உட்கார்ந்திருந்ததால் வண்டி அப்படியே நின்றது.

கிசாபுரோ வந்தார், கஞ்சி குடித்தார், போர்வை போர்த்திய கணப்பு மேசைக்குள் காலை நீட்டிப் படுத்தவர் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். மத்தியானம் வெயில் வந்தது. பனிக்கால வெயில் அவ்வளவு சீக்கிரம் வராது. வந்தால் எல்லாமே சொட்டும். மிட்சுயோ அடுப்படியில் ஹதஹதாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். முட்டை நிறைந்த வயிறுகள் விரலுக்கடியில் வழுவழுத்தன. கொட்டகைக் கூரையிலிருந்து பனிப்பாளம் சரிந்து விழும் சத்தம் கேட்டது. அதை அவள் பொருட்படுத்தவில்லை. அப்புறம் பக்கத்து வீட்டு ஷிகெ அலறினாள்.

நீல வண்டி பின்னால் போய்க்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. உள்ளே யாரோ உட்கார்ந்து நிதானமாக ஓட்டுவது போல நேராக, சந்தின் நடுவில். ஷிகெ மீன் கூடையைப் போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். வண்டி கூடையை நசுக்கியது, வேகம் பிடித்தது, படகு இறக்கும் சாய்தளத்தில் இறங்கித் துறைமுகத் தண்ணீருக்குள் போனது. அந்த நேரத்தில்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்ஸை விட்டு இறங்கி வளைவு திரும்பினார்கள். மஞ்சள் தொப்பிகள் வரிசையாக நின்றுவிட்டன.

கிசாபுரோ காலுறையோடு ஓடினார். தண்ணீருக்கு மேலே முன்விளக்குகள் இரண்டும், அந்த மூக்கு நுனிக் கண்ணாடிகளும் மட்டும் தெரிந்தன.

போலீஸ்காரர் வந்தார். சின்ன வயசு, மரியாதையான பையன். ஷிகெ உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"வண்டியக் கடைசியா எடுத்தது யாருங்க?"

மிட்சுயோ வாயைத் திறந்தாள்.

"நான்தான். வேற யாரு எடுப்பா?" என்றார் கிசாபுரோ.

அவள் வாயை மூடிக்கொண்டாள். அவ்வளவுதான். ஒரு மூச்சு விடுகிற நேரம். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். பிள்ளைகளின் தாய்மார்கள் ஓடிவந்து அவர்களைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். எல்லாக் கண்ணும் கிசாபுரோ மேல் இருந்தது. முதலில் பயம்தான். ஆனால் சாயங்காலம் யொஷிகி போனில் கத்தி முடித்துவிட்டு, "போதும்மா, இனிமே அவர் ஓட்டவே கூடாது" என்றபோது, பயத்துக்கு அடியில் இன்னொன்று இருந்ததை அவள் கண்டாள். இனிமேல் எஞ்சின் சத்தம் திரும்புகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்க வேண்டாம் என்ற நிம்மதி. அதைக் கண்டதும் தன்னையே பார்க்கப் பிடிக்காமல் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் கிசாபுரோ கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு, இனிப்புப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு, பிள்ளைகள் இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் மன்னிப்புக் கேட்கப் போனார். ஒரு அடி பின்னால் மிட்சுயோ. அவர் குனிந்தால் அவளும் குனிய வேண்டும். ஷிகெ வீட்டு வாசலில் அவர் மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைத்தார்.

"அய்யோ அண்ணே, எந்திரிங்க! என்னை மணப்பொண்ணாக் கூட்டிட்டு வந்தவரே நீங்கதான். எனக்கு ஒண்ணும் ஆகல. நசுங்கினது மீன்தான், அதுவும் எம் புருஷன் பிடிச்ச பொடி மீனு."

"வயசாயிடுச்சும்மா. மறந்துட்டேன். மன்னிச்சுடு."

மிட்சுயோவும் மண்டியிட்டிருந்தாள். தன் நெற்றிக்கு அடியில் இருந்த பனி ஈரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஷிகெ அவளைத் தூக்கிவிட்டு, "பாவம் அக்கா நீங்க, நீங்க எதுக்கு அழுவுறீங்க?" என்றாள்.

வண்டியைத் தூக்கி எடுத்தது மெக்கானிக் சுகவாரா. "உப்புத் தண்ணி, அண்ணே. உள்ள எல்லாம் போச்சு. என் முற்றத்துல கிடக்கட்டும், பாக்கலாம்" என்றான். பாக்கலாம் என்றால் என்ன என்று கிசாபுரோவுக்குத் தெரியும்.

அதற்கப்புறம்தான் அவர் மாற ஆரம்பித்தார். படுத்தவர் எழுந்துபோய் அடுப்பைத் திருகிப் பார்த்தார். குழாயை மூடினேனா என்று கேட்டார். "மூடிட்டீங்க" என்றால், "நீ பாத்தியா?" என்பார். கடைக்குத் தனியாகப் போகத் தயங்கினார். வாயாடியில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் அது என்ன கத்தினாலும் கேலி செய்வதில்லை. "சரியாத்தான் சொல்லுது" என்றார் ஒரு நாள். அவள் கேலிக்காகக் காத்திருந்தாள். வரவில்லை.

ஜனவரி கடைசியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"ஞாபகம் வந்துடுச்சு, மிட்சுயோ."

"என்ன?"

"அன்னிக்கு. குளிச்சிட்டு வந்தேனா? நேரா கொட்டகைக்குப் போனேன். கட்டைய எடுத்து ஆணியில மாட்டிட்டு உக்காந்தேன். எஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட்டேன். அப்ப வீட்டுல போன் அடிச்சுது. கம்பிய நடுவுல விட்டுட்டு எறங்கிட்டேன். இந்தக் கைதான்." இடது கையைத் தூக்கிப் பார்த்தார். "கம்பியோட சில்லிப்பு கூட ஞாபகம் இருக்கு."

அன்றைக்குக் காலையில் எந்த போனும் வரவில்லை. அவர் குளித்துவிட்டு வந்ததும் கணப்பு மேசைக்குள் தூங்கினார். சாப்பாட்டுக் குச்சிகள் அவள் விரலில் நின்றுவிட்டன.

"அது வேற ஒரு நாளா இருக்கும்" என்றாள்.

"இல்ல. அன்னிக்குத்தான். யொஷிகிகிட்ட சொல்லிடு. லைசென்ஸைப் போலீஸ் ஸ்டேஷன்ல திருப்பிக் குடுத்துடறேன்."

குறித்த நாளில் பனி இல்லை. வானம் வெளுத்துக் கிடந்தது. கிசாபுரோ மறுபடியும் கறுப்புக் கோட்டு போட்டிருந்தார். லைசென்ஸைச் சட்டைப் பைக்குள் வைத்து மேலே கையை வைத்துக்கொண்டிருந்தார். வாயாடி பெல்ட்டைப் போடச் சொன்னது. போட்டார்.

கடலோரச் சாலையில் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே அவள் சொன்னாள். முன்கூட்டி யோசித்துவைத்த வார்த்தை ஒன்றும் வரவில்லை.

"நீங்க எடுக்கல. நான் எடுத்தேன். மேட்டுக்குப் போகணும்னு எடுத்தேன். இது கிளம்பல. திரும்பிக் கொண்டுவந்து நடுவுல விட்டுட்டு எறங்கிட்டேன். கட்டையும் வைக்கல. வாயாடின்னு நினைச்சு எறங்கிட்டேன்."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். மெல்ல அவர் முகம் இளகியது. கை நீட்டி அவள் கோட்டுக் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"இதுக்காகத்தான் ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு படுத்தியா? என் மானத்தைக் காப்பாத்த நீ பழிய ஏத்துக்கிறியா?"

"இல்லங்க! நிஜமா நான்தான்."

"நல்ல பொண்டாட்டிடி நீ. ஆனா எனக்குத்தான் ஞாபகம் இருக்கே. அழாத, ரோட்டைப் பாத்து ஓட்டு."

தான் அழவில்லை என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். சாலை கலங்கித் தெரிந்தது. தடத்தை விட்டு விலகுகிறீர்கள் என்று வாயாடி பீப் அடித்தது. போலீஸ் நிலையத்துக்கு நேரே போக வேண்டிய இடத்தில் அவள் சுகவாராவின் பட்டறைச் சந்துக்குள் திருப்பினாள்.

"எங்க போற?"

"ஒரு நிமிஷம் எறங்குங்க."

முற்றத்தில் கிழம் நீலத் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. சுகவாரா ஸ்பானரோடு எட்டிப் பார்த்துவிட்டு, இவர்கள் முகத்தைக் கண்டு உள்ளே போய்விட்டான். மிட்சுயோ தார்ப்பாயை விலக்கி ஓட்டுநர் கதவைப் பிடித்து இழுத்தாள். கிறீச்சிட்டுத் திறந்தது. பாசியும் துருவும் கலந்த வாடை.

"உக்காருங்க."

"எதுக்கு?"

"உக்காருங்களேன்."

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு உட்காரப் போனார். முழங்கால் ஸ்டியரிங்கில் முட்டியது. உடம்பை மடக்கிப் பார்த்தார். நுழையவில்லை. இருக்கைக்கு அடியில் கையை விட்டுக் கம்பியைப் பிடித்துத் தள்ளினார். உப்பு ஏறித் துருப்பிடித்த தண்டவாளம் அசையவில்லை. இன்னொரு தடவை தள்ளினார். இருக்கை மிட்சுயோவின் கால் அளவில் நின்றுபோயிருந்தது.

பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக அவர் அப்படியே இருந்தார். கூரையிலிருந்து பனிநீர் தகரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப நான் அன்னிக்கு இதுல உக்காரவே இல்ல" என்றார்.

"இல்ல. தூங்கிட்டு இருந்தீங்க."

"போன்?"

"போனும் வரல."

அவர் இடது கையைப் பார்த்தார். திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார்.

"அப்ப இந்தச் சில்லிப்பு? அது எங்கேர்ந்து வந்துச்சு?"

அவர் கோபப்படுவார் என்று அவள் நினைத்திருந்தாள். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராக வந்திருந்தாள். அவர் முகத்தில் இருந்தது பயம்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா, இந்த ஞாபகம் எனக்கு வந்திருக்காது இல்ல?" என்று கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது போல.

"வந்திருக்காது."

"ஏன் சொல்லல?"

"அந்தக் கம்பத்தை உரசிட்டு வந்தீங்களே, அதுலேர்ந்து எனக்கு உயிரே இல்ல. நீங்க நிறுத்தினாத் தேவலைன்னு இருந்துச்சு."

"கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா நிறுத்தியிருப்பீங்களா?"

"மாட்டேன்" என்றார். வெளியே வந்துகொண்டே, "சண்டையாவது போட்டிருக்கலாம்" என்றார்.

கதவை அறையாமல் மெல்லச் சாத்தினார். அந்தக் கதவை அவர் எப்போதும் அப்படித்தான் சாத்துவார். தார்ப்பாயை இழுத்து மூடி ஓரத்தில் கல்லை வைத்தார்.

"வீட்டுக்குப் போகலாமா?" என்றாள்.

"இல்ல. போலீஸ் ஸ்டேஷனுக்கே போ."

"அதான் நீங்க செய்யலையே!"

"செய்யல. ஆனா செஞ்சேன்னு என் கையே எங்கிட்ட சாட்சி சொல்லுது. இனிமே நான் கட்டையை வச்சுட்டு வந்தேன்னு அது சொன்னா, நம்புறதா வேணாமா? நம்ப முடியாத கைய வச்சுக்கிட்டு எப்படி ஓட்டுறது?" சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டார். "இதை நீ எடுத்துட்ட, மிட்சுயோ. வண்டி போனாப் போவுது. அது இரும்பு."

அவள் போய் வாயாடியின் கதவைத் திறந்தாள்.

"ஒண்ணு மட்டும் செய். யொஷிகிகிட்ட நீயே சொல்லு. எங்கிட்ட சொன்ன மாதிரி, ஒளிக்காம."

முற்றம் குறுகல். திருப்ப இடமில்லை. சந்து முழுவதும் ரிவர்ஸிலேயே போக வேண்டும். அவள் உட்கார்ந்ததும் வாயாடியின் திரையில் பின்பக்கம் தெரிந்தது. கிசாபுரோ ஏறவில்லை. பின்னால் போய் நின்று பழைய பழக்கத்தில் கையை உயர்த்தினார்.

"கல்யாணத்தன்னிக்கு உன்னைக் கண்ணை மூடச் சொன்னேன்" என்றார் திறந்திருந்த சன்னல் வழியாகக் கேட்கும்படி. "இன்னிக்குத் தொறந்து வச்சுக்க. ரைட்... வா... வா... இடப்பக்கம் ஒடி..."

அவர் கைக்குத் தக்கபடி அவள் ஓட்டினாள். பின்னால் ஆள் இருப்பதாக வாயாடி விடாமல் கத்திக்கொண்டே வந்தது.

சந்து முடிந்ததும் அவரை ஏற்றிக்கொண்டு போய்ப் போலீஸ் நிலைய வாசலில் நிறுத்தினாள். அவர் மட்டும் இறங்கினார். கோட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு, கண்ணாடிக் கதவைத் தள்ளி உள்ளே போனார். அவள் கை பக்கவாட்டில் எதையோ தேடியது. இழுத்து நிறுத்த ஒரு கம்பி. இந்த வண்டியில் அப்படி ஒன்று கிடையாது. பொத்தானை ஏற்கெனவே அமுக்கியிருந்தாள். இன்னொரு தடவை பார்த்துக்கொண்டாள்.

திரையில் மகன் பெயரைத் தொட்டாள். வண்டி முழுக்க மணி அடித்தது.

"அம்மா? குடுத்துட்டாரா?"

"உள்ள போயிருக்காரு."

"அப்பாடா! எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமாம்மா. நீங்க எப்படித்தான் சம்மதிக்க வச்சீங்களோ!"

"யொஷிகி, நான் பேசி முடிக்கிற வரைக்கும் நீ குறுக்க பேசாத." அவள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கு வண்டிய எடுத்தது நான். கியரை நடுவுல விட்டது நான். உங்கப்பா தூங்கிட்டு இருந்தாரு."

அவன் மூச்சு வாங்குவது நாலு பக்கத்திலிருந்தும் கேட்டது.

"அப்பாதானே சொன்னாரு, அவருக்கு ஞாபகம் இருக்குன்னு?"

"அது நான் குடுத்த ஞாபகம்."

"ஏம்மா... ஏம்மா அன்னிக்கே சொல்லல?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மேசைக்கு முன்னால், கிசாபுரோ சட்டைப் பையிலிருந்து லைசென்ஸை எடுத்தார். அதை இரண்டு கைகளிலும் ஏந்தி, கல்யாண வண்டிக்கு வழிவிட்ட லாரிக்காரனைக் கும்பிடுவது போலக் குனிந்து நீட்டினார்.

"நீ கேட்டதும் அதுதானே. எனக்கும் அதுதான் வேண்டியிருந்துச்சு" என்றாள் மிட்சுயோ.